தபு, கபு, டபூ: அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும்

பசிபிக் தீவுகளின் பழக்கவழக்கங்களைப் பற்றி எங்கே பேசப் போனாலும், பேச்சு முடிந்ததும் கேள்வி டபூவில்தான் வந்து நிற்கும். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஹவாய்க்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். ஒரு நாடே தன் தடைகளைத் தானே தூக்கிப் போட்டது அங்கேதான் தேதி, பெயரோடு பதிவாகியிருக்கிறது.

டபூன்னா என்ன? வெளியில பேசக் கூடாத விஷயம்தானே?

இப்போது புழங்குகிற பொருள் அதுதான். சம்பளம், மாதவிலக்கு, மனநோய் என்று நாலு பேர் முன்னால் பேசத் தயங்குகிற எதையும் டபூ என்று சொல்லிவிடுகிறோம். மீறிப் பேசினால் அதிகபட்சம் ஒரு முறைப்பு கிடைக்கும், அவ்வளவுதான்.

வார்த்தை பிறந்த பாலினேசியத் தீவுகளில் விஷயம் இதைவிடக் கனமானது. ஆள், இடம், பொருள், நாள், உணவு என்று எதன்மேல் வேண்டுமானாலும் தபு ஏறலாம். ஏறியது புனிதமும்தான், ஆபத்தும்தான். அவர்கள் அந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கவில்லை. இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது ‘மானா’: தெய்வங்களிடமிருந்து பெரிய தலைவர்கள் வழியாக இறங்கி வருகிற சக்தி. மானா மிகுந்த இடத்தைச் சுற்றிப் போடப்பட்ட வேலிதான் தபு. வேலி தாண்டியவரைத் தண்டிக்க யாரும் வர வேண்டியதில்லை, நோயோ சாவோ தானாகத் தேடி வரும் என்பது நம்பிக்கை. ஹவாயில் ஆளும் வந்தார்கள், அதைக் கீழே சொல்கிறேன்.

இந்த வார்த்தை எப்படி உலகம் பூரா பரவுச்சு?

ஆங்கிலேயக் கடற்பயணி கேப்டன் ஜேம்ஸ் குக் தன் மூன்றாவது பசிபிக் பயணத்தில், 1777இல், டோங்கா தீவுகளில் இருந்தார். கப்பலுக்குச் சாப்பிட வந்த உள்ளூர்த் தலைவர்கள் சிலர் உட்காரவும் மறுத்தார்கள், ஒரு வாய் சாப்பிடவும் மறுத்தார்கள். ஏன் என்று கேட்டதற்குக் கிடைத்த பதில் தபு. அந்தச் சொல்லுக்குப் பல பொருள் உண்டு, பொதுவாகத் தடுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம் என்று குக் தன் குறிப்பேட்டில் எழுதினார். பயணக் குறிப்புகள் அச்சாகி விற்றுத் தீர்ந்தன, சொல் ஆங்கிலத்துக்குள் போய்விட்டது.

டோங்காவிலும், நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியிலும் அது தபு. ஹவாய் மொழியில் தகரம் ககரமாகிவிடும், அதனால் அங்கே கபு. இரண்டிலும் பகரத்தை வல்லினமாகவே படியுங்கள்.

தபுங்கிறது நம்ம ‘தப்பு’தானே சார்? நியூசிலாந்துல தமிழ் மணிகூட கிடைச்சிருக்கே?

இந்தக் கேள்வி வராத கூட்டமே கிடையாது. மணி உண்மை. 1830களில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி, நியூசிலாந்தின் வடபகுதியில் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேக வைப்பதைப் பார்த்தார். அது உடைந்துபோன ஒரு கப்பல் மணியின் மேல்பகுதி. அதில் பழைய தமிழெழுத்தில், மொகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி இது என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. இன்று அந்த மணி வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பது இன்னும் தீராத வாதம்.

ஆனால் மணி போனதால் வார்த்தையும் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. தபு என்ற சொல் ஒரு நியூசிலாந்தில் மட்டும் இல்லை. டோங்கா, சமோவா, தஹிதி, ஃபிஜி என்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் சின்னச் சின்ன ஒலி மாற்றத்தோடு இருக்கிறது. சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கம் படகில் வந்து குடியேறிய ஆஸ்திரோனேசிய முன்னோர்கள் கொண்டுவந்த சொல் அது. நம் ‘தப்பு’ தவறிப்போவது, பிழைத்துப்போவது என்ற வினையிலிருந்து வந்தது. ஒலி ஒத்துப்போவது தற்செயல். பெருமைப்பட நமக்கு வேறு எத்தனையோ இருக்கிறது.

ஒருத்தர் மேல தபு ஏறிட்டா என்ன ஆகும்? எப்படிக் கழிப்பாங்க?

டோங்காவில் குக் பார்த்ததையே சொல்கிறேன். பெரிய தலைவரை வணங்கித் தொட்டவரின் கைகளில் தபு ஏறிவிடும். அந்தக் கையால் சாப்பிடக் கூடாது, வேறு யாராவது ஊட்டிவிட வேண்டும். கழிக்க வேண்டுமென்றால் உயர்ந்த தலைவர் ஒருவரிடம் போய், அவர் உள்ளங்காலில் முதலில் உள்ளங்கையையும் பிறகு புறங்கையையும் வைத்து எடுத்துவிட்டு, தண்ணீரில் கை கழுவ வேண்டும். தண்ணீர் இல்லாத இடத்தில் வாழைத்தண்டின் சாறே போதும்.

மாவோரிகளிடம் தலைதான் உடம்பிலேயே அதிகத் தபு உள்ள இடம். முகத்தில் பச்சை குத்திக்கொள்ளும் தலைவர், புண் ஆறும் வரை சாப்பாட்டைக் கையால் தொட மாட்டார். கூழான உணவை, கோரேரே என்ற செதுக்கு வேலை செய்த மரப் புனல் வழியாக வாயில் ஊற்றுவார்கள். தபுவுக்கு எதிர்நிலை ‘நோவா’, கட்டற்ற சாதாரண நிலை. தபுவை இறக்கி நோவாவுக்குக் கொண்டுவருபவை தண்ணீரும் சமைத்த உணவும். அதனால்தான் உணவையும் தலையையும் ஒன்றுசேர விடுவதில்லை. இன்றும் மாவோரி வீடுகளில் சாப்பாட்டு மேசைமேல் உட்கார்ந்தால் அதட்டுவார்கள். இடுகாட்டிலிருந்து வெளியே வரும்போது கை கழுவுவார்கள்.

அப்ப இது நம்ம ஊர் தீட்டு மாதிரிதானே?

பாதி ஆம். தொட்டால் ஒட்டிக்கொள்வது, தண்ணீரால் கழிவது, சாவோடும் மாதவிலக்கோடும் சேர்வது எல்லாம் பார்த்த மாதிரியே இருக்கும். ஹவாயில் மாதவிலக்கான பெண்களுக்குத் தனிக் குடிசையே உண்டு.

திசைதான் வேறு. நம் ஊர்த் தீட்டில், ‘மேலே’ இருப்பவர் ‘கீழே’ இருப்பவரால் கெட்டுப்போவார் என்பது கணக்கு. சாதி முழுக்க இந்தக் கணக்கில்தான் கட்டப்பட்டது. பாலினேசியாவில் பெரும்பாலும் ஆபத்து மேலிருந்து கீழே பாய்கிறது. தலைவரின் நிழல், அவர் உடுத்திய துணி, மிச்சம் வைத்த சாப்பாடு எல்லாம் சாதாரண ஆளுக்கு ஆபத்து. அங்கே சமத்துவம் நிலவியது என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது. ஹவாயில் கௌவா என்று ஒதுக்கப்பட்ட மக்கள் இருந்தார்கள். மற்றவர் வீட்டுக்குள் அவர்கள் நுழைய முடியாது, நரபலிக்கு ஆள் தேவைப்பட்டபோது அவர்களைப் பிடித்தார்கள். அந்த ஒரு இடத்தில் ஹவாயும் நம் ஊரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

ஹவாயில பெண்கள் வாழைப்பழம் சாப்பிடக் கூடாதாமே, நிஜமா?

நிஜம். பெரும்பாலான வாழை வகைகள், தேங்காய், பன்றிக்கறி, ஆமை, சில பெரிய மீன்கள் எல்லாம் பெண்களுக்குத் தடை. ஆணும் பெண்ணும் சேர்ந்து சாப்பிடுவதும் தடை. இதற்கு ஐகபு என்று பெயர். ஆண்கள் சாப்பிடத் தனிக் குடில், அங்கேயே அவர்களின் குலதெய்வ வழிபாடும். பையன்கள் கொஞ்சம் வளர்ந்ததும் அம்மாவோடு சாப்பிடுவதை விட்டுவிட்டு அந்தக் குடிலுக்கு மாறிவிடுவார்கள்.

சமையல் யார் பொறுப்பு என்று நினைக்கிறீர்கள்? ஆண்கள். தரையில் குழி தோண்டி, கல்லைப் பழுக்கக் காய்ச்சி, இலை மூடி வேக வைக்கும் ‘இமு’ அடுப்பு இரண்டு போட வேண்டும். ஒன்று தனக்கு, ஒன்று மனைவிக்கு. கிழங்கை வேக வைத்து இடிப்பதும் தனித்தனியாகத்தான். வேலையை இரட்டிப்பாக்குகிற சட்டம் இது. ஆனாலும் நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது.

காரணமாகச் சொல்லப்பட்டது, இந்த உணவுகள் தெய்வங்களின் உடல்கள் என்பது: தேங்காய் கூ, வாழை கானலோவா, பன்றி லோனோ. இன்னொரு கதையும் உண்டு. வானத் தந்தை வாகேயா, மனைவி பாபாவுக்குத் தெரியாமல் தன் மகளிடமே போக ஆசைப்பட்டார். சில இரவுகளில் கணவன் மனைவி பிரிந்திருக்க வேண்டும், சாப்பாட்டிலும் தனியாக இருக்க வேண்டும் என்று பூசாரி விதி செய்துகொடுத்தார். ஒரு சமூகம் தன் மிகப் பெரிய தடையின் தொடக்கமாக ஒரு ஆணின் திருட்டுத்தனத்தைச் சொல்லிவைத்திருப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

மீறினா நிஜமாவே கொன்னுடுவாங்களா?

கொன்றார்கள். யாரைக் கொன்றார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. காபியோலானி என்ற உயர்குலப் பெண்ணைப் பற்றி மிஷனரிகள் எழுதிவைத்த ஒரு சம்பவம்: சிறுமியாக இருந்தபோது அவளுக்கு வாழைப்பழம் சாப்பிட ஆசை. ஏவலுக்கு இருந்த பையன் ரகசியமாகக் கொண்டுவந்து கொடுத்தான். விஷயம் வெளியில் வந்ததும், பூசாரிகள் பையனைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பலி கொடுத்தார்கள். சாப்பிட்டவள் உயிரோடு இருந்தாள். பின்னாளில் கிறிஸ்தவரான இதே காபியோலானிதான் 1824இல் கீலவேயா எரிமலைக்கு நடந்துபோய், தீக்கடவுள் பேலேவுக்குப் படைக்காமல் ஓஹேலோ பழங்களைச் சாப்பிட்டுக் காட்டினார்.

தப்பிக்க வழியும் வைத்திருந்தார்கள். பூஹோனுவா என்ற அடைக்கலத் தலங்கள். கடலில் நீந்தியோ ஓடியோ பிடிபடாமல் உள்ளே போய்விட்டால் அங்கே பூசாரி சடங்கு செய்து தபுவை இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஹவாய்த் தீவுகளிலேயே பெரிய தீவின் மேற்குக் கரையில் ஹோனவ்நவ் என்ற இடத்தில் இது ஒரு தேசியப் பூங்காவாக இன்றும் இருக்கிறது. சாந்து இல்லாமல் எரிமலைக் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர், நீளம் சுமார் 300 மீட்டர், தடிமன் 5 மீட்டர். அந்த இடத்துக்குக் காவல், பக்கத்துச் சின்னக் கோயிலில் வைக்கப்பட்டிருந்த தலைவர்களின் எலும்புகள். கொல்லும் மானாவே காப்பாற்றவும் செய்தது.

எது கபு, எது இல்லைன்னு வெளியூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்?

அடையாளம் வைப்பார்கள். மரப்பட்டைத் துணியைப் பந்தாகச் சுற்றி ஒரு கம்பின் நுனியில் கட்டி நட்டுவைப்பார்கள், இதற்கு ‘பூலோவுலோவு’ என்று பெயர். 1779இல் ஹவாயின் கேயலகேகுவா விரிகுடாவில் குக்கின் ஆட்கள் வானியல் கருவி வைக்க ஒரு கிழங்குத் தோட்டத்தைக் கேட்டபோது, பூசாரிகள் சுற்றுச்சுவரில் கோல்களை நட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு ஊர்மக்கள் யாரும் உள்ளே கால் வைக்கவில்லை.

1819ல ஒரே விருந்துல மொத்தமும் முடிஞ்சுபோச்சுன்னு படிச்சேன். அது எப்படி சாத்தியம்?

முடித்தது விருந்துதான். ஆனால் அதற்கு முன்னால் நாற்பது வருடம் அரித்திருந்தது. வெள்ளைக்காரர்கள் தடைகளை மதிக்கவில்லை, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹவாய்ப் பெண்கள் குக்கின் கப்பலிலேயே பன்றிக்கறி சாப்பிட்டதாக உடன் இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதற்கிடையில் வந்திறங்கிய நோய்கள் தடையைக் காத்தவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோயின.

1819 மே மாதம், தீவுகளை ஒன்றாக்கிய முதலாம் காமேஹாமேஹா இறந்தார். பெரிய தலைவர் செத்தால் துக்கக் காலத்தில் தடைகள் தளர்வதும், ஆணும் பெண்ணும் கலந்து சாப்பிடுவதும் பழைய வழக்கம். புதிய அரசன் ஊருக்கு வெளியே இருந்துவிட்டுத் திரும்பி வந்து தடைகளை மறுபடி நிறுவ வேண்டும். அப்போதுதான் ஆட்சி அவன் கைக்கு வந்ததாக அர்த்தம். இந்த இடைவெளியைத்தான் இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் இறந்தவரின் பிரிய மனைவி காஅஹுமானு, ஆட்சியில் பங்கு கேட்டு வாங்கியவர். இன்னொருவர் புதிய அரசன் லிஹோலிஹோவைப் பெற்ற கேயோபுவோலானி. இவர் முன்னால் எல்லோரும் தரையில் விழுந்து கிடக்க வேண்டும், அவ்வளவு உயர்ந்த கபு உடையவர். அவரே முதலில் தன் சின்ன மகனோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

லிஹோலிஹோ தயங்கினான். நவம்பரில் கைலுவாவில் விருந்து. ஆண்களுக்கு ஒரு மேசை, பெண்களுக்கு ஒரு மேசை. எல்லோரும் உட்கார்ந்த பிறகு அவன் எழுந்து மேசைகளைச் சுற்றி நடந்தான், சட்டென்று பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தான். பதற்றத்தில் வாரி வாரிச் சாப்பிட்டான் என்கின்றன குறிப்புகள். கூட்டம் திகைத்தது. வானம் இடிந்து விழவில்லை. கோயில்களை இடிக்கவும் சிலைகளை எரிக்கவும் உத்தரவு போனது. தலைமைப் பூசாரி ஹேவாஹேவாவே முன்னின்று தீ வைத்தார். ஒத்துக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள். அரசனின் உறவினன் கேகுவாவோகலானி பழைய தெய்வங்களுக்காகப் படை திரட்டினான். டிசம்பரில் குவாமோவோ போரில் அவனும், பக்கத்தில் நின்று போரிட்ட மனைவி மனோனோவும் செத்தார்கள்.

மிஷனரிங்க வந்து மாத்தினதுதானே அது?

இல்லை. முதல் அமெரிக்க மிஷனரிகள் 1820 வசந்தத்தில்தான் வந்து சேர்ந்தார்கள். கோயில்கள் அதற்குள் எரிந்துவிட்டன.

எல்லாத் தடைக்குப் பின்னாலயும் ஒரு விஞ்ஞானம் இருக்கும்ல? நம்ம முன்னோர்கள் முட்டாள் இல்லையே?

முட்டாள்கள் இல்லைதான், ஆனால் எல்லாவற்றுக்கும் விஞ்ஞானம் தேடினால் கதைகட்ட வேண்டியிருக்கும். சில தடைகளில் நடைமுறைப் பயன் கண்ணுக்குத் தெரியும். ஹவாயில் ஓபேலு, ஆகு என்ற இரண்டு மீன்களுக்கும் வருடத்தில் மாற்றி மாற்றித் தடை. ஒன்றைப் பிடிக்கும்போது மற்றது பெருகும். வாழைப்பழத் தடைக்கு அப்படி ஒரு பயனும் காட்ட முடியாது. ஆணுக்கு நல்லதாக இருக்கும் பழம் பெண்ணுக்கு மட்டும் கெட்டதாகுமா?

யூதர்களின் பன்றித் தடையை வைத்து இந்தச் சண்டை நன்றாகவே நடந்திருக்கிறது. வறண்ட பூமியில் நிழலும் தண்ணீரும் கேட்கிற பன்றியை வளர்ப்பது நஷ்டம், தடை அதனால் வந்தது என்றார் மானிடவியலாளர் மார்வின் ஹாரிஸ். இன்னொரு மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் வேறு வழியில் போனார். குளம்பு பிளந்தது, அசை போடுவது என்று விலங்குகளுக்கு ஒரு வகைப்பாடு இருக்கிறது, பன்றிக்குக் குளம்பு பிளந்திருக்கிறது, ஆனால் அது அசை போடாது, எந்தப் பெட்டியிலும் அடங்காததால் விலக்கப்பட்டது என்றார். பின்னாளில் அவரே இந்தக் கருத்தை மாற்றிக்கொண்டார். எனக்கு இரண்டிலும் பாதிதான் சம்மதம். தடை எதற்காகத் தொடங்கியது என்பதைவிட, அது இருப்பதால் யாருக்கு லாபம் என்று கேட்டால் பதில் சீக்கிரம் கிடைக்கிறது.

நெருங்கின ரத்த உறவுல கல்யாணம் கூடாதுங்கிறது மட்டும் உலகம் பூரா ஒண்ணுதானே?

ஏதோ ஒரு தடை எங்கும் உண்டு. கோடு எங்கே என்பதில்தான் வித்தியாசம், அதற்கு நாமே சாட்சி. பெரியப்பா மகள் நமக்குத் தங்கை, கல்யாணப் பேச்சே கூசும். அத்தை மகளோ முறைப்பெண், விட்டுக்கொடுத்தால் மாமா கோபித்துக்கொள்வார். ரத்தக் கணக்கில் இரண்டு பேரும் ஒரே தூரம். கோடு போட்டது உயிரியலாக இருந்தால் இரண்டும் ஒரே பக்கம் விழுந்திருக்கும்.

ஹவாய்த் தலைவர்களிடம் இது தலைகீழாகவே இருந்தது. உயர்குலத்தில் அண்ணன் தங்கை சேர்ந்து பெறும் குழந்தைக்குத்தான் மிக உயர்ந்த கபு. மேலே சொன்ன கேயோபுவோலானியின் பெற்றோர் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், தந்தையர் வேறு. சாதாரண மக்களுக்கு இது கிடையாது. மற்றவருக்குத் தடையானது தனக்கு உரிமையாவது அதிகாரத்தின் பழைய வழக்கம்தானே.

ஃப்ராய்ட் இதைப் பத்தி எழுதினது சரியா?

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்ட் 1913இல் எழுதினார். ஆசை இல்லாத இடத்தில் தடை தேவையில்லை, தடுக்கப்பட்ட பொருள்மீது பயமும் ஈர்ப்பும் சேர்ந்தே இருக்கும் என்றார். அது கூர்மையான பார்வை. ஆதிகாலத்தில் மகன்கள் கூடித் தந்தையைக் கொன்றதிலிருந்து எல்லாம் தொடங்கியது என்று போனதை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தீவுகளுக்குப் போகாமல், பிறர் எழுதியதைப் படித்துக் கட்டிய கதை அது.

இந்தக் காலத்துலயும் தபு உயிரோட இருக்கா?

நியூசிலாந்தில் இருக்கிறது. ‘ராஹூயி’ என்பது ஒரு இடத்துக்குக் கொஞ்ச காலத்துக்கு வைக்கும் தபு. கடலில் யாராவது மூழ்கி இறந்தால், அந்தக் கரையில் மீனோ சிப்பியோ எடுக்கக் கூடாது என்று உள்ளூர் மாவோரிகள் அறிவிப்பார்கள். 2019 டிசம்பரில் வகாரி எரிமலை வெடித்து, பார்க்கப் போனவர்கள் இறந்தபோதும் அங்கே ராஹூயி வைத்தார்கள். 2017இல் ஆக்லாந்துக்குப் பக்கத்து வைதாகெரே காட்டில் கௌரி மரங்களைக் கொல்லும் நோய் பரவியது. காலில் ஒட்டும் மண்ணோடு அது பரவுவதால் காட்டுக்கே ராஹூயி அறிவித்தார்கள். சட்ட பலம் இல்லாததால் பலர் கண்டுகொள்ளாமல் நடந்தார்கள். அடுத்த வருடம் நகராட்சியே காட்டை மூட வேண்டியதாயிற்று.

ஹவாயில் கபு என்ற சொல் இப்போது வீட்டு கேட்டில் பலகையாகத் தொங்குகிறது. அனுமதி இல்லாமல் உள்ளே வராதே என்று அர்த்தம்.

பெண்கள் உடைச்ச தடைன்னா, அதுக்கப்புறம் பெண்களுக்கு விடுதலைதானே?

சாப்பாட்டில் விடுதலைதான். மற்றதில் அவ்வளவு நேராகப் போகவில்லை. காஅஹுமானு 1825இல் ஞானஸ்நானம் பெற்றார். நாட்டை நடத்தியது அவர் கைதான், புதிய மதத்தின் விதிகள் அவர் வாயால் நாட்டின் சட்டமாகின. ஞாயிற்றுக்கிழமை வேலை கூடாது, விளையாட்டுக் கூடாது. 1830இல் பொது இடத்தில் ஹுலா என்ற ஹவாயின் மரபு நடனம் ஆடுவதையே தடுத்தார். ஐகபுவை ஒழித்தவரே அடுத்த தடைப்பட்டியலைப் போட்டார் என்று இதைச் சிலர் கிண்டலாகச் சொல்வார்கள். எனக்கு இது கிண்டலாகப் படவில்லை. துக்கக் காலம் முடிந்ததும் புதிய ஆட்சி தன் தடைகளை நிறுவ வேண்டும் என்று மேலே பார்த்தோம் இல்லையா, காஅஹுமானு அதைத்தான் செய்தார். தெய்வம் மட்டும் மாறியிருந்தது.

ஹுலா கிராமப்புறங்களில் சத்தமில்லாமல் தொடர்ந்தது. 1883இல் அரசர் கலாகௌவா தன் முடிசூட்டு விழாவில் அதை எல்லோர் முன்னாலும் ஆட வைத்தார். ஆடப்போகும் பாடல்களின் பட்டியலை அச்சிட்டவர்கள் மீது ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள்.